கோயில் வாசலிலிருந்து பொங்கல் மேடைக்கு

அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகர் எழுப்பத் தொடங்கிய மறு ஆண்டு, 1974 மார்ச் 16ஆம் தேதி, தமிழவேள் கோ. சாரங்கபாணி காலமானார். முன்பு ரப்பர் மரங்கள் நின்ற அந்த வட்டாரத்தில் இன்று பொங்கல் கொண்டாடும் குடும்பங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும். அவர் பொங்கலுக்கு வந்துசேர்ந்த வழி அவ்வளவாகத் தெரியாது.

1903இல் திருவாரூரில் பிறந்தவர், 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1929 இறுதியில் பெரியார் இங்கு வந்து பேசிச் சென்றபின் சுயமரியாதைக் கருத்துகளில் அவருக்கிருந்த பிடிப்பு இறுகியது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் தமிழ் முரசு.

சங்கம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியே இருந்தன. தாழ்த்தப்பட்டோர் ஏன் வெளியே நிற்க வேண்டும்? ஆடு, கோழி பலி எதற்கு? அலகு குத்துவதும் தீமிதியும் தேவையா? பக்தர்களுக்கு இது சுடத்தான் செய்தது. பகுத்தறிவு பேசுகிறவருக்குக் கோயிலில் என்ன வேலை என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கப்பலேறி வந்த தொழிலாளிக்குக் கோயில் என்பது சாமி இருக்கும் இடம் மட்டுமன்று. கல்யாணம், திருவிழா, ஊர்ப்பேச்சு எல்லாமே அங்கேதான். அந்த வாசலில் ஒருவரைத் தடுத்தால், சமூகத்தை விட்டே தள்ளிவைத்ததாகிவிடும்.

காலப்போக்கில் சாதித் தடை விலகியது. பெரிய கோயில்களில் பலி நின்றது. அலகுக் காவடி இன்றும் சிராங்கூன் சாலையிலிருந்து புறப்படுகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கிறது. பக்தர்கள் தங்கள் நம்பிக்கைக்கு ஒத்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

அவரும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1937இல் லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்ணை மணந்தார். சாதி பார்க்கக்கூடாது என்று மேடையில் பேசியவர், இனமும் பார்க்காமல் குடும்பம் நடத்தினார். சுற்றியிருந்த தமிழர்களும் ஒரே மதத்தினர் அல்லர். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள். ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள். கோயில் சீர்திருத்தத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமேது?

1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. அடுத்த ஆண்டு பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் தொடங்கியது. அதற்கு மொழிதான் நடுவம். எந்தத் தெய்வமும் அன்று. வீட்டில் சூரியனுக்குப் படைத்துவிட்டும் வரலாம், படைக்காமலும் வரலாம். மலாயாவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் அந்த விழா பரவியது.