விஞ்ஞானி அறிவோம்: ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்

இந்த மாசம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஐன்ஸ்டீன். 1879 மார்ச் 14-ல் ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் பிறந்தார். கணக்கில் ஃபெயில் ஆனவர் என்று பல பேர் சொல்வார்கள். அது சுத்தப் பொய். 16 வயசில் ஜூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தேறவில்லை, அது நிஜம். ஆனால் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க். மற்ற பாடங்கள்தான் காலை வாரிவிட்டன. 1896-ல் அங்கேயே சேர்ந்துவிட்டார்.

அவர் பிரிவில் கூடப் படித்த ஒரே பெண் மிலேவா மாரிச். 1903-ல் ஐன்ஸ்டீன் கல்யாணம் செய்துகொண்டது இவரைத்தான். இறுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றதால் மிலேவாவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றித் தனியாகவே எழுதணும், இன்னொரு மாசம் பார்க்கலாம்.

1900-ல் படிப்பு முடிந்தும் ஐன்ஸ்டீனுக்கு வேலை இல்லை. அப்பாவின் தொழிலும் நொடித்துப் போயிருந்தது. நண்பர் கிராஸ்மனின் அப்பா சிபாரிசு செய்துதான், 1902-ல் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை ஊழியர் ஆனார். வாரம் 6 நாள், தினம் 8 மணி நேரம் வேலை.

ஒளியின் பின்னாலேயே அதே வேகத்தில் ஓடினால் ஒளி நின்றமாதிரி தெரியுமா? 16 வயசில் வந்த இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. 1905 மே மாசம் நண்பர் பெஸ்ஸோவிடம் பேசிப் பேசி, பிறகு சட்டென்று வழி தெரிந்தது. ஒளியின் வேகம் யார் அளந்தாலும் மாறாது, நொடிக்கு 3 லட்சம் கி.மீ. அப்போ மாறவேண்டியது நேரம்தான்!

நம்ம பிதாகரஸ் தேற்றத்தை வைத்தே பார்க்கலாம். 9 லட்சம் கி.மீ உயரமுள்ள ஒரு கற்பனை ரயில். (சிரிக்காதீங்க!) தரையிலிருந்து கூரைக்கு ஒளி போக, உள்ளே இருப்பவருக்கு 3 நொடி. ரயில் நொடிக்கு 2.4 லட்சம் கி.மீ ஓடுகிறது. வெளியே நிற்கும் நமக்கு ஒளி சாய்வாகப் போகும். 5 நொடியில் ரயில் 12 லட்சம் கி.மீ நகரும். 9, 12 என்றால் கர்ணம் 15. அந்த 15 லட்சத்தைக் கடக்க ஒளிக்கு அதே 5 நொடி. நமக்கு 5, உள்ளே 3! நானே நோட்டில் மூணு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. ரயிலின் இரண்டு முனையிலும் மின்னல் விழுகிறது. பிளாட்பாரத்தில் நடுவில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரம். ரயில் நடுவில் இருப்பவரோ முன்பக்க ஒளியை நோக்கிப் போகிறார், அது முதலில் வந்துவிடும். அவருக்கும் ஒளி வேகம் அதேதான், இரண்டு முனையும் சம தூரம்தான். ஆகவே அவர் கணக்கில் முன் மின்னல்தான் முதலில் விழுந்தது. இது கண் செய்யும் ஏமாற்று இல்லை. இரண்டு பேரும் சொல்வது சரி.

சாட்சியும் உண்டு. சுமார் 15 கி.மீ உயரத்தில் மியூயான் என்ற துகள்கள் உண்டாகின்றன. நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 2.2 பங்குதான் அவற்றின் சராசரி ஆயுள். அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனாலும் ஏராளமாகத் தரைக்கு வந்து சேர்கின்றன. அந்த வேகத்தில் அவற்றின் நேரம் மெதுவாகிவிடுகிறது.

1921-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது ஒளிமின் விளைவுக்காக, இதற்கில்லை! 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததால் அமெரிக்கா போய் பிரின்ஸ்டனில் தங்கினார். 1955 மார்ச்சில் பெஸ்ஸோ இறந்தார். அடுத்த மாசம் 18-ஆம் தேதி ஐன்ஸ்டீனும் இறந்துபோனார்.