நாற்காலியை விட்டு எழுந்தவர்



மூணாறு மலையில், தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவன் நான். நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய என் பாட்டனார் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் இருந்த அச்சுத்தாள் நாட்காட்டி ஒன்றுதான். இன்று பாலக்காட்டுப் பக்கத்தில் தாவரவியல் முதுகலை பயில்கிறேன்.

ஆய்வேட்டுக்காக எங்கள் மலைச்சரிவில் பறித்த செடி ஒன்றின் பெயர் தெரியாமல் இரண்டு திங்கள் அலைந்தேன். கைப்பேசியில் தேடினால் படத்துக்கொரு பெயர் வந்தது. நூலகத்துக்குப் போனேன், ஆனால் எவரையும் கேட்கவில்லை. கேட்டால் என் அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம்!

ஒருநாள் நூலகர் அம்மையார் தாமே எழுந்துவந்து, நான் தேடுவது என்னவென்று வினவினார். பார்வை நூற்பகுதிக்கு அழைத்துச் சென்று, சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை என் முன் வைத்தார். காம்பிள் தொடங்கி, 1925இல் அவர் மறைந்தபின் ஃபிஷர் முடித்த நூல் அது. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருவிதாங்கூர் மலைகளும் அதில் அடக்கம். இலை எதிரடுக்கா மாற்றடுக்கா, இதழ் இணைந்ததா பிரிந்ததா என்று அதன் திறவுகோல் கேட்கக் கேட்க, செடியைப் பார்த்து விடை கண்டேன். அந்தி சாயுமுன் பெயர் கிடைத்தது. பழைய பெயர்களுள் சில இன்று மாறியிருப்பதால், புதிய பட்டியலோடு ஒப்பிடவும் அம்மையாரே கற்பித்தார்.

எழுந்துவந்து உதவும் இப்பண்பை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சுவரில் இருந்த படத்தைச் சுட்டினார். அவர்தாம் சீர்காழி தந்த அறிஞர் சீ. இரா. அரங்கநாதன்.

1892இல் பிறந்த அவர் நூலகராக வேண்டுமென்று எண்ணியவரே அல்லர். கணிதம் கற்றவர், இளமையில் திக்கிப் பேசியவர், அக்குறையை முயன்று வென்று ஆசிரியரானவர். மங்களூரிலும், நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள கோவையிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி அவரை வந்தடைந்தது. சில நாளிலேயே அப்பதவி கசந்தது. வகுப்பறையின் ஆரவாரம் எங்கே, அந்தத் தனிமை எங்கே! கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். இலண்டனுக்குச் சென்று பயின்று பாரும், அதன்பின்னும் பிடிக்காவிடில் திரும்பலாம் என்று பெரியோர் தேற்றி அனுப்பினர்.

அங்கே அவர் கண்கள் திறந்தன. குழந்தையும் முதியவரும் தொழிலாளியும் நூலகத்தில் உரிமையோடு நுழைவதைக் கண்டார். ஒரு கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பல பொம்மைகள் செய்வதையும் கண்டார். நூலின் பொருளையும் அவ்வாறே கூறு கூறாகப் பிரித்துக் கோத்து எண்ணிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதுவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து.

1925இல் தாயகம் திரும்பியவர் நூலகமே வாழ்வாக உழைத்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் என்றும் வளர்வது. அவற்றின் சாரம் இவ்வளவே. இவ்விதிகள் நிறைவேறுமிடம் பார்வை நூற்பகுதி என்பது அவர் கொள்கை. உரிய வாசகரையும் உரிய நூலையும் அங்கே ஒருவர் நின்று சேர்த்து வைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். கலைக்களஞ்சியமும் அகராதியும் ஆய்வுச் சுருக்கமும் அலமாரியில் இருந்தால் மட்டும் போதுமா?

அவர் முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அன்று மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே பாலக்காடும் அச்சட்டத்தின் நிழலில் வந்தது. 1956இல், தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைத் துணைவியார் சாரதை பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 1962இல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சி, பயிற்சி நடுவத்தை நிறுவினார். 1972 செப்டம்பர் 27இல் மறைந்தார்.

தோழர்களே! பரம்பரையாக நூல் உள்ள வீட்டில் பிறந்தவனுக்கு எந்த நூல் எங்கே என்று சொல்லத் தந்தையோ தமையனோ இருப்பர். லயத்துப் பிள்ளைக்கு யார் உளர்? அந்த இடத்தை நிரப்பத்தான் அரங்கநாதன் நூலகரை நாற்காலியிலிருந்து எழுப்பினார். அவர் எழுந்துவரக் காத்திருந்து நான் இழந்தது இரண்டு திங்கள். நீங்கள் காத்திராதீர்கள். ஆய்வின் முதல் நாளிலேயே பார்வை நூற்பகுதிக்குச் சென்று, தெரியாது என்று துணிந்து கூறுங்கள். அங்கே அதனினும் நல்ல தொடக்கம் இல்லை.