லூயி பாஸ்டர்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆர்புவா என்பது ஒரு சிற்றூர். 1831ஆம் ஆண்டில் அவ்வூர்ப்பக்கத்தில் வெறிகொண்ட ஓநாய் ஒன்று புகுந்து, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடித்தது. கடியுண்டோர் கொல்லனது உலைக்களத்திற்கு ஓடினர். அவன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் புண்களில் வைத்துச் சுட்டான். அக்காலத்தில் வெறிநோய்க்கு அதனினும் சிறந்த மருத்துவத்தை எவரும் அறியார். சுடப்பட்டும் சிலர் பின்னர் நோய் முற்றி இறந்தனர். உலைக்களத்தில் எழுந்த அலறலைக் கேட்டு நடுங்கியவருள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகிய அவனே லூயி பாஸ்டர்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் டோல் என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் படம் வரைவதில் விருப்பம் மிக்கவர், பாடங்களில் நடுத்தரமானவரே. பின்னர்ப் பாரிசு நகரம் சென்று வேதியியல் கற்றுப் பேராசிரியரானார். திராட்சை மது கெடுவதற்குக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே காரணம் என்றும், அளவாகச் சூடாக்கினால் அவை மடியும் என்றும் காட்டினார். பாலைக் கெடாமற் காக்கும் முறைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. 1868இல் வாதநோய் தாக்கி அவரது இடப்பக்கம் செயலிழந்தது. மக்கள் ஐவருள் மூவரை அதற்கு முன்னரே நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். ஆயினும் ஆய்வை விட்டாரில்லை.

1880ஆம் ஆண்டளவில் வெறிநோயை ஆராயத் தொடங்கினார். அந்நோயின் கிருமி அவர் காலத்து நுண்ணோக்காடிக்கும் புலப்படவில்லை. காணாத பகையோடு போர் செய்வது எங்ஙனம்? நோயுற்று இறந்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, ஈரமற்ற கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார். நாள் செல்லச் செல்ல நஞ்சின் வன்மை குறைந்து, பதினான்கு நாளளவில் அடங்கியது. முதலில் வன்மையற்றதையும், பின்னர் நாள்தோறும் சிறிது வன்மை மிக்கதையும் நாய்களின் உடலிற் செலுத்தினார். அந்நாய்களை நோய் அணுகவில்லை.

நாய்கள் அனைத்திற்கும் இம்மருந்தை இட்டுவிட்டால் மக்களுக்கு நோய் ஏது என்று அவர் எண்ணிப் பார்த்தார். பாரிசில் மட்டும் நூறாயிரம் நாய்கள் இருப்பதாகக் கணக்கிட்டார். ஒவ்வொன்றிற்கும் பலமுறை ஊசி குத்தவேண்டும். அதற்கு வேண்டிய முயல்களுக்கு எங்கே செல்வது? அவ்வெண்ணம் கைகூடவில்லை. நாய்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அவர் காலத்திற்குப் பின்னரே பல நாடுகளில் தோன்றின. அவரோ வேறு வழி கண்டார். கடித்தவுடன் நோய் வெளிப்படுவதில்லை. நஞ்சு மூளையை அடையப் பெரும்பாலும் பல வாரங்கள் ஆகும். அவ்விடைக்காலத்தில் கடியுண்டவரைக் காத்துவிடலாமன்றோ?

1885ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், அல்சாசுப் பகுதியிலிருந்து ஓர் அன்னை தன் ஒன்பது வயது மகனை அழைத்து வந்தாள். சோசப்பு மைசுடர் என்னும் அச்சிறுவன் உடம்பில் பதினான்கு கடிவாய்கள் இருந்தன. பாஸ்டர் பெரிதும் கலங்கினார். நாய்களைக் காத்த மருந்து மனிதனைக் கொன்றுவிட்டால் என் செய்வது? மேலும் அவர் மருத்துவர் அல்லர். சட்டப்படி ஊசி குத்தும் உரிமையும் அவருக்கு இல்லை. மருத்துவர் இருவரைக் கலந்தார். விட்டுவிட்டாலும் சிறுவன் இறப்பான் என்று அவர்கள் கருதினர். அவருள் கிராஞ்சே என்பவர் ஊசி குத்தினார். மருந்தின் வன்மை நாளுக்கு நாள் ஏறியது. சிறுவன் கவலையின்றி உறங்கினான், பாஸ்டருக்கோ உறக்கமில்லை. பதின்மூன்று ஊசிகள் முடிந்தன. சிறுவன் பிழைத்தான்.

எல்லோரும் அவ்வாறு பிழைத்தாரல்லர். அவ்வாண்டு நவம்பரில், தலையில் கடியுண்டு முப்பத்தேழு நாள் கழிந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொணர்ந்தனர். காலம் கடந்ததென்று பாஸ்டர் அறிவார். அவள் இறந்தால் பகைவர் மருந்தின்மேற் பழி சுமத்துவர் என்பதையும் அறிவார். எனினும் பெற்றோர் வேண்டுகோளை மறுக்க மனம் ஒப்பவில்லை. சிறுமி இறந்தாள். பாஸ்டர் கண்ணீர் விட்டு அழுதார். பழியும் வந்தது.

1886 மார்ச்சில் உருசியாவின் சுமோலென்சுக்கிலிருந்து பத்தொன்பது உழவர் வந்தனர். அவர்களைக் கடித்ததும் வெறிகொண்ட ஓர் ஓநாயே. அவருள் பதினாறு பேர் உயிரோடு ஊர் திரும்பினர். பல நாட்டவரும் பொருள் ஈந்தனர். அதனைக்கொண்டு பாரிசில் 1888இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் இறந்தார். அவர் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907இல் தோன்றியது. அதன்பின் தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர்கள் மருந்து நாடி அம்மலை ஏறினர்.