ஒற்றைக் கண்ணால் உலகைச் சுற்றியவர்!

விமானத்தில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் யார் தெரியுமா குட்டீஸ்? அமெரிக்காவைச் சேர்ந்த வைலி போஸ்ட். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கண்!

டெக்சாஸ் மாநிலத்தில், 1898ம் ஆண்டு, விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் போஸ்ட். படிப்பில் ஆர்வம் இல்லை. இயந்திரங்கள் என்றால் உயிர். 14 வயதில், பொருட்காட்சி ஒன்றில் முதன்முதலாக விமானத்தைப் பார்த்தார். அன்று முதல் பறக்கும் ஆசை அவரை விடவே இல்லை.

விமானம் வாங்கப் பணம் வேண்டுமே! எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தார். 1926ல், அங்கே சிதறிய இரும்புத் துண்டு ஒன்று அவரது இடது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் பறிபோனது.

ஒரு கண்ணால் பார்த்தால், தூரத்தைச் சரியாகக் கணிப்பது கடினம். தூரம் தெரியாமல் விமானத்தைத் தரையிறக்க முடியுமா? போஸ்ட் சோர்ந்துவிடவில்லை. தொலைவில் உள்ள மரத்தைப் பார்ப்பார். எத்தனை அடி இருக்கும் என்று மனதில் கணக்குப் போடுவார். பின், நடந்து சென்று அளந்து பார்ப்பார். இப்படியே பழகி, அந்தக் குறையை வென்றார். விபத்துக்காகக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில், பழைய விமானம் ஒன்றையும் வாங்கினார்!

1931ல், ஹரால்டு கேட்டி என்பவர் வழிகாட்ட, 'வின்னி மே' என்ற விமானத்தில் உலகைச் சுற்றினார். 8 நாள், 15 மணி, 51 நிமிடத்தில் முடித்து சாதனை படைத்தார். ஆனால், பெருமையெல்லாம் வழிகாட்டிய கேட்டிக்கே என்று சிலர் பேசினர்.

தனியாகவே சுற்றிக் காட்ட முடிவு செய்தார் போஸ்ட். 1933 ஜூலை 15ல், அதே விமானத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். விமானத்தைத் தானாகச் செலுத்தும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அது வழியில் அடிக்கடி பழுதானது. தூக்கமோ கண்ணைச் சொக்கியது. விரலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஸ்பேனர் ஒன்றைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். கண் அயர்ந்தால் ஸ்பேனர் கீழே விழும். விரல் இழுபட்டு விழிப்பு வந்துவிடும்!

அலாஸ்காவில் தரையிறங்கியபோது, விமானத்தின் புரொப்பல்லர் வளைந்து போனது. மற்றவர்கள் உதவியுடன் விமானத்தைச் சரிசெய்து மீண்டும் பறந்தார். 7 நாள், 18 மணி, 49 நிமிடத்தில் நியூயார்க் திரும்பினார். தன் பழைய சாதனையை 21 மணி நேர வித்தியாசத்தில் முறியடித்தார்.

பிறகு, காற்று குறைந்த உயரத்தில் பறப்பதற்காக, காற்றழுத்தம் கொண்ட உடையை உருவாக்கினார். விண்வெளி வீரர்களின் உடைக்கு அது ஒரு முன்னோடி!

1935 ஆகஸ்ட் 15ல், அலாஸ்காவில் நடந்த விமான விபத்தில், நண்பரும் நகைச்சுவை நடிகருமான வில் ரோஜர்சுடன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 36 வயதுதான். 'வின்னி மே' அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

கண் போனது, கனவு போகவில்லை. மரங்களை அளந்து பழகிய அந்த ஒற்றைக் கண்தான், உலகையே சுற்றிப் பார்த்தது!