தமிழில் ஒரு மன்னிப்புப் புத்தகம்!

பாம்பனிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் அக்காள்மடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதையடுத்து தங்கச்சிமடம். அக்காள்மடத்திலிருந்து மேற்கே பாலத்தைக் கடந்து, மண்டபத்தையும் தாண்டினால் வேதாளை என்ற கடற்கரை ஊர் வரும். அங்கே தொடங்கி கன்னியாகுமரி வரை நீண்டு கிடந்த முத்துக்குளித்துறையில், தமிழுக்காகவே பாடுபட்ட ஒரு போர்ச்சுக்கீசியரைத் தெரியுமா? அவர் பெயர் என்றீக்கே என்றீக்கஸ். நம்மவர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள்.

1520ல் போர்ச்சுக்கல்லில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். முன்னோர்கள் யூதர்கள் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள்! பிறகு 1545ல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546ல் கோவாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்கு முன்பே பிரான்சிஸ் சவேரியார் வந்திருந்தார். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து சொல்லிக் கொடுத்தார். 1544ல்தான் ஒரு பிழை தெரிந்தது. கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வேண்டும் என்ற சொல் இருந்தது! நம்புவதும் கேட்பதும் ஒன்றா? திருத்திச் சொல்லுங்கள் என்று சவேரியார் உடனே தன் தோழருக்குக் கடிதம் எழுதினார்.

ஜெபத்திலாவது பிழையைத் திருத்திவிடலாம். பாவசங்கீர்த்தனத்தில் என்ன செய்வது?

கத்தோலிக்கர்கள் தாங்கள் செய்த தவறுகளைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, கடவுளின் மன்னிப்பைப் பெறுவார்கள். கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது. உயிரே போனாலும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் குருவுக்குத் தமிழ் தெரியாவிட்டால்? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வலையைத் திருடிய ஒருவர் மனம் வருந்தி வருகிறார். நடுவில் நிற்பவரோ அதே ஊர்க்காரர். வாய் வருமா? வந்தாலும், சொன்னது சொன்னபடி போய்ச் சேருமா?

அண்டிரிக் அடிகளார் இதற்கு ஒரே வழிதான் கண்டார். தமிழ் படிக்க உட்கார்ந்தார். லத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, வேற்றுமை, காலம், வினை என்று தானே குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1549 வாக்கில் ஒரு தமிழ் இலக்கணமாகவே வளர்ந்தன. கூட இருந்த குருக்களும் தங்களுக்குள் தமிழில்தான் பேச வேண்டும், மீறினால் தண்டனை என்று ஒரு விதியும் இருந்தது. நம் பள்ளிகள் சிலவற்றில் தமிழில் பேசினால் அபராதம் போடுகிறார்களே, அதற்கு நேர் எதிர்!

அதே 1549ல் ஒரு பெரிய சோகம். வேதாளையில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள், ராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்களை மறித்து வரி கேட்டார்கள். கோபம் மூண்டு படை வந்தது. அங்கே இருந்த அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு, பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றி அனுப்பினார். தான் கரையிலேயே கொல்லப்பட்டார். முத்துக்குளித்துறையில் இருந்த குருக்களுக்கு அவர்தான் தலைவர். அவர் இடத்தில் அண்டிரிக் அடிகளாரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. தொடர்ந்து ஐம்பது ஆண்டுகள் இந்தக் கரையிலேயே இருந்தார்.

1578ல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 16 பக்கம். இதை உங்கள் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் 1580ல் கொச்சியில் அச்சான புத்தகம்தான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். பெயர் கொம்பெசியொனாயரு. வாயில் நுழையவில்லையா? பாவசங்கீர்த்தனப் புத்தகத்துக்கான போர்ச்சுக்கீசியச் சொல்லைத் தமிழில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்!

எதையெல்லாம் யோசித்துப் பார்க்க வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேள்வி கேள்வியாக வழிகாட்டும் புத்தகம் அது. பத்துக் கட்டளைகளில் ஒன்று, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. அதனால் கையால் செய்த தவறு மட்டுமல்ல, வாயால் செய்த தவறும் கணக்கில் வரும். வலையைத் திருடியவர் வலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவதூறு சொன்னவர்? கெட்டுப்போன பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது வலையைவிடக் கடினம்தானே!

அண்டிரிக் அடிகளார் 1600ல் புன்னைக்காயலில் இறந்தார். அவருடைய மன்னிப்புப் புத்தகம் தொலைந்தே போய்விட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு பிரதி கிடைத்தது. எங்கே தெரியுமா? இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில்!