திருத்தத்தை ஏற்ற திருத்தொண்டர்

பிறர் பிழையைச் சுட்டுவது எளிது. நம் பிழையைப் பிறர் சுட்டும்பொழுது முகம் கோணாமல் கேட்பதோ மிக அரிது. இடித்துரைக்கும் துணையைத் தேடிக்கொள்ளுமாறு வள்ளுவர் மன்னருக்கே அறிவுறுத்தினார். கிறிஸ்தவத் திருமறையிலும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. சொல்வன்மை மிக்க அப்பொல்லோ என்பார், கூடாரத் தொழில் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் கணவன் மனைவியரிடம் பணிவோடு பாடம் கேட்டார். அவ்வழியில் வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர், நாம் வாழும் இவ்வங்க மண்ணிலேயே அடக்கமாகியுள்ளார். ஹௌராவிலிருந்து ரயில் வழியே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செராம்பூரில் தொண்டாற்றிய வில்லியம் கேரியே அவர்.

கேரி 1761-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் ஓர் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தார். இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பயின்றார். உயர் கல்வி கற்க வசதியில்லை. எனினும், தொழிற்கருவிகளுக்கு அருகே நூல்களை வைத்துக்கொண்டு இலத்தீன், கிரேக்கம், எபிரெயம் முதலிய மொழிகளைத் தம் முயற்சியாலேயே கற்றார்.

போதகராக வேண்டுமென்னும் ஆவல் அவருள் எழுந்தது. 1785-ஆம் ஆண்டில் ஓல்னி என்னும் ஊர்ச் சபையார் முன்னிலையில் பிரசங்கம் செய்து காட்டினார். சபையாருக்கு நிறைவு ஏற்படவில்லை. மேலும் சிறிது காலம் தங்கள் முன்னிலையில் பேசிப் பழகட்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். இளைஞர் ஒருவருக்கு இதனினும் கசப்பான தீர்ப்பு வேறென்ன வேண்டும்? கேரியோ சினந்து விலகவில்லை. வேறு சபையைத் தேடிச் செல்லவுமில்லை. பொறுத்திருந்து பயின்று, மறு ஆண்டில் அதே சபையாரின் அனுமதியைப் பெற்றார்.

அக்காலத்தே இராபர்ட் ஹால் என்னும் மூத்த போதகர் ஒருவர் இருந்தார். கேரி அவருடைய நூலைப் பெரிதும் போற்றியவர். அவர் கேரியின் பிரசங்கத்தில் உவமை இல்லாத குறையை எடுத்துக் காட்டினார். ஆண்டவராகிய இயேசு விதையையும், புளித்த மாவையும், வலையையும் காட்டியன்றோ பரலோக இராஜ்யத்தை விளக்கினார். கேரியின் உரையிலோ பொருள் இருந்தது, பொருளை மனத்தில் பதியவைக்கும் ஒப்புமை இல்லை என்பதே அப்பெரியவர் கருத்து. குறை சொன்னவரைக் கேரி பகைக்கவில்லை. அன்பினால் சொல்லப்பட்ட குறை ஒரு கொடையே அன்றோ?

1793-ஆம் ஆண்டு நவம்பரில் கேரி குடும்பத்தோடு கல்கத்தா வந்து சேர்ந்தார். பின்னர் வடவங்கத்தில் மதனாவதி என்னும் இடத்தில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்துக்கொண்டே, திருமறையை வங்க மொழியில் பெயர்க்கலானார். ஈண்டு அவர் கையாண்ட முறையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். தாம் எழுதிய ஒவ்வொரு பகுதியையும் ஒரு பண்டிதரோடு அமர்ந்து படித்தார். மூலத்தின் பொருள் மாறாதிருக்கிறதா என்று பார்ப்பது தம் பொறுப்பு. நடையும் இலக்கணமும் சரியா என்று தீர்ப்பளிப்பது பண்டிதர் பொறுப்பு. அப்பண்டிதர் கிறிஸ்தவர் அல்லர். கேரியிடம் ஊதியம் பெற்றவர். ஆயினும் மொழியைப் பொறுத்தவரை அவரே ஆசிரியர், கேரியே மாணவர். ஊதியம் கொடுப்பவர் ஊதியம் பெறுபவரிடம் திருத்தம் பெறுவதற்கு எத்துணைப் பணிவு வேண்டும்!

1800-ஆம் ஆண்டில் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூருக்குக் குடியேறி, மார்ஷ்மன், வார்டு என்னும் தோழர்களோடு அச்சகம் நிறுவினார். மறு ஆண்டே வங்கமொழிப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதே 1801-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியப் பதவியும் அவரை வந்தடைந்தது. நூலும் பதவியும் பெற்ற பின்னர்த் தாம் கற்கவேண்டுவது இனி ஒன்றுமில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணவில்லை. கல்லூரியின் தலைமைப் பண்டிதரான மிருத்யுஞ்சய வித்யாலங்காரரிடம் தொடர்ந்து பயின்றார். முதற்பதிப்பின் நடை கரடுமுரடாக இருப்பதை உணர்ந்து, அடுத்த பதிப்பில் மிகப் பல இடங்களை மாற்றினார். அதனோடும் நிறைவு கொள்ளவில்லை. 1832-ஆம் ஆண்டில் வெளிவந்தது புதிய ஏற்பாட்டின் எட்டாம் பதிப்பு. தம் எழுத்தைத் தாமே முப்பதாண்டுக் காலம் திருத்திக்கொண்டிருந்த அம்முதியவரின் மேசை நம் கண்முன் தோன்றுகிறதன்றோ!

எனினும், பணிவு என்பது எவர் எது சொன்னாலும் தலையசைப்பது அன்று. கேரியின் பழைய தொழிலைச் சுட்டிப் பிரிட்டனின் பத்திரிகையுலகில் ஏளனம் எழுந்தது. அதற்காக அவர் நாணவில்லை. ஒருமுறை விருந்தொன்றில், அவர் முன்பு செருப்புச் செய்பவராக இருந்தவர்தாமே என்று ஓர் அதிகாரி இகழ்ச்சியாகக் கேட்டபொழுது, செய்பவர் அல்லர், பழுது பார்ப்பவரே என்று கேரி தம்மை இன்னும் ஒருபடி தாழ்த்தித் திருத்தியதாகச் சொல்வர். ஆனால், செராம்பூர்த் தொண்டர்கள் செல்வம் சேர்க்கிறார்கள் என்று தாய்நாட்டில் பழி கிளம்பியபொழுது அவர் வாளாவிருக்கவில்லை. கல்லூரி ஊதியத்தின் பெரும்பகுதியைப் பொதுநிதியில் சேர்த்தவர் அவர். மெய்யல்லாததை மறுத்தெழுதினார்; தோழர் மார்ஷ்மனைக் கைவிடவில்லை. அப்பிணக்கு முற்றி, 1827-இல் செராம்பூர்த் தொண்டு தாய்ச் சங்கத்தினின்றும் பிரிந்தது. தம்மைப் பற்றிய இகழ்ச்சியைப் பொறுத்தார். தொண்டில் உள்ள குறையைத் திருத்தினார். தோழர் மேல் சுமத்தப்பட்ட பொய்யை எதிர்த்தார். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்ததே அவருடைய பணிவின் சிறப்பு.

1834-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் செராம்பூரில் கேரி இயற்கை எய்தினார். தம் கல்லறையில் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும், இறைவன் முன் தம்மை எளிய புழுவாக ஒப்புவிக்கும் பாமாலையின் ஈரடியும் தவிர, புகழுரை எதுவும் பொறிக்கலாகாது என்று முன்னரே எழுதி வைத்திருந்தார். அவரும் தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி இன்றும் கங்கைக் கரையில் நிற்கிறது.

நாம் பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறமொழி பேசுவார் நடுவே வாழ்கின்றோம். கடைத்தெருவில் நம் வங்கமொழியைக் கேட்டு ஒருவர் சிரித்துத் திருத்தலாம். பள்ளி செல்லும் நம் குழந்தையே நம் உச்சரிப்பைத் திருத்தலாம். சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து வரவு செலவுக் கணக்கில் விளக்கம் கேட்கலாம். அத்தகைய வேளைகளில், சொன்னவர் யார், அவர் வயது என்ன, பதவி என்ன என்று நோக்காது, சொன்னது மெய்யா என்பதை மட்டும் நோக்குவோமாக. மெய்யெனில் நன்றி கூறித் திருத்திக்கொள்வோமாக. நம் குடும்பங்களும் சங்கமும் அவ்வழியே வளர இறைவன் அருள்வானாக.