யெல்லப்பிரகத சுப்பாராவ்

யெல்லப்பிரகத சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, 1929-இல் தசையில் ஏ.டி.பி. எனும் சேர்மத்தைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் இதனைக் கண்டறிந்தார். கொழுப்பு சிதைவுறும்போது வெளிப்படும் ஆற்றல் உயிரணுவில் பெரிதும் ஏ.டி.பி. வடிவிலேயே பயன்படுகிறது. கொழுப்பை எரித்துப் பரவும் புற்றணுக்களுக்கும் இதுவே ஆற்றல் அளிக்கிறது.

இவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ நோயால் இறந்தனர். அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை, லெடர்லி ஆய்வகத்தில் இவரது குழு 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது. புற்றணுக்கள் பெருகவும் ஃபோலிக் அமிலம் தேவை. அதன் எதிர்ப்பொருளாக இவரது குழு உருவாக்கிய அமினாப்டெரினைக் கொண்டு, சிட்னி ஃபார்பர் 1947–48-இல் குழந்தைகள் சிலரின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார். அதையொத்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.